அம்புக்குறியையும் பாருங்க

வணக்கம். மேல்கைல ஒட்டிக்கற அந்த சின்ன வட்டமான சென்சார், நாள் முழுக்க சுகரை விடாம அளந்துட்டே இருக்குமே, சிஜிஎம்னு சொல்றாங்களே, அதைப் பத்தி பேசக் கூப்பிட்டிருக்காங்க. சுகர் இருக்கறவங்களோட உக்காந்து அந்த கிராஃபைப் பாத்து பேசறதுதான் என் வேலை. வாங்கலாமா வேண்டாமான்னு உங்க டாக்டர் சொல்லிடுவார், மாட்டினப்புறம் அதுல எதைப் பாக்கறதுன்னுதான் பல பேர் தடுமாறறாங்க, அதனால நான் அதையே பேசறேன்.

முதல்ல, அது ரத்தத்தை அளக்கலை. தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு இழை போகும், செல்களைச் சுத்தி இருக்கற நீர்ல எவ்வளவு குளுக்கோஸ் இருக்குன்னு அது பாக்கும். இழை மேல ஒரு என்சைம் பூசியிருப்பாங்க, அதோட குளுக்கோஸ் சேரும்போது வர்ற துளி கரன்ட்தான் உங்க போன்ல நம்பரா வருது. 1999ல அமெரிக்காவுல முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தப்போ, சில நாள் மாட்டிட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போய்த்தான் பாக்க முடியும். இப்போ பெரும்பாலும் 1 நிமிஷத்துக்கோ 5 நிமிஷத்துக்கோ ஒரு தடவை கையிலயே வந்துடுது.

ரத்தத்துல ஏறின குளுக்கோஸ் அந்த நீருக்கு வந்து சேர கொஞ்சம் நேரம் ஆகும், 5ல இருந்து 15 நிமிஷம் வரைக்கும்னு வச்சுக்கங்க. அதனால சாப்பிட்ட உடனே விரல் குத்திப் பாத்து ரெண்டும் ஒத்துவரலைன்னு சென்சாரைக் கழட்டி வீசிடாதீங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்னா சுகர் ஏறாம இறங்காம நிதானமா இருக்கும்போது பாருங்க. மாட்டின முதல் நாள் நம்பர் கொஞ்சம் தள்ளாடும், அதுவும் சகஜம்தான்.

இப்போ அம்புக்குறிக்கு வர்றேன். நம்பர் பக்கத்துல இருக்கற அது, சுகர் ஏறுதா இறங்குதா, எவ்வளவு வேகமான்னு காட்டும். ஸ்க்ரீன்ல 100னு இருக்கு, நல்ல நம்பர்தானேன்னு எல்லாரும் நிம்மதி ஆயிடுவாங்க. அம்பு நேரா பக்கவாட்டுல இருந்தா சரி. ஆனா இன்சுலின் போட்டு ஒரு மணி நேரம் ஆன ஒருத்தருக்கு அதே 100, அம்பு செங்குத்தா கீழ பாத்து நிக்குதுன்னா அவர் வண்டி எடுக்கவே கூடாது, 15 நிமிஷத்துல 70க்குக் கீழ போயிடலாம். விரல் குத்தற மெஷின் இதைச் சொல்லவே சொல்லாதுங்க, அது அந்த ஒரு நொடியை மட்டும்தான் காட்டும்.

மேல ஏறும்போது வேற மாதிரி ஆபத்து. சாப்பிட்டப்புறம் 240 காட்டுது, பயந்து போய் இன்னொரு டோஸ், அரை மணி நேரத்துல குறையலைன்னு இன்னொண்ணு. வேகமா வேலை செய்யற இன்சுலினே உடம்புல 3 மணி நேரத்துக்கு மேல இருக்கும், அப்போ முதல் ஊசி வேலை செஞ்சிட்டு இருக்கும்போதே அடுத்தது சேந்து, கடைசியில எல்லாம் ஒண்ணா இறங்கி நடுராத்திரி லோ சுகர்ல கொண்டு போய் விட்டுடும். தயவுசெஞ்சு நம்பரைத் துரத்தாதீங்க. எவ்வளவு இடைவெளி விட்டு போடணும்ங்கறதை டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கங்க. லோ ஆகும்போதும் இதே கதைதான், 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துட்டு 15 நிமிஷம் பொறுங்க, சென்சார் பின்தங்கி வரும்ங்கறதால இன்னும் இறங்கற மாதிரியே காட்டும், அதைப் பாத்து மேல மேல சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரல் குத்திப் பாத்துடுங்க.

எனக்கு இந்தக் கருவி மேல இவ்வளவு மரியாதை வரக் காரணமே ராத்திரிதான். எச்பிஏ1சின்னு ரத்தத்துல ஒரு டெஸ்ட், கடந்த ரெண்டு மூணு மாச சுகரோட சராசரியைச் சொல்லும். அது 7ன்னா சராசரி சுமார் 154, அந்த ஒரு நம்பர் ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்கலாம், ஆனா ஒருத்தருக்கு சீரா போகும், இன்னொருத்தருக்கு 50க்கும் 300க்கும் நடுவுல ஆடும். காலைல வெறும் வயித்துல எப்பவும் 190ங்கறவங்களையே எடுத்துக்கங்க, சிலருக்கு ராத்திரி முழுக்க மேலயே நிக்குது, சிலருக்கு விடிகாலைல உடம்பு விடற ஹார்மோன்களால அப்போதான் ஏறுது. ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணு கிடையாது. தூக்கத்துல லோ ஆகி தனக்கே தெரியாம எழுந்துக்கறவங்களும் இருக்காங்க, ரொம்ப வருஷமா சுகர் இருந்தா வேர்வை, படபடப்புங்கற எச்சரிக்கையே வராம போயிடும், அவங்களுக்கெல்லாம் அந்த அலாரம் உயிரையே காப்பாத்தும். ஒண்ணு மட்டும், சென்சார் இருக்கற கை மேலயே அழுத்திப் படுத்தா பொய்யான லோ காட்டும், திரும்பிப் படுத்தா சரியாயிடும். சந்தேகமா இருந்தா விரல் குத்திப் பாத்துக்கங்க.

அப்புறம், நாள் முழுக்க கோடு நேரா இருக்கணும்னு உங்களை வருத்திக்காதீங்க, யாரும் அதைக் கேக்கலை. 70ல இருந்து 180க்குள்ள ஒரு நாள்ல 70 சதவீத நேரம், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம் இருந்தா பெரும்பாலானவங்களுக்கு போதும், 70க்குக் கீழ ஒரு மணி நேரத்துக்கும் கம்மியா இருக்கணும். வயசானவங்க, உடம்பு தளர்ந்தவங்களுக்கு பாதி நேரம் உள்ள இருந்தாலே சரி, ஆனா அவங்க லோ மட்டும் ஆகவே கூடாது. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு அளவு இன்னும் இறுக்கம், 63ல இருந்து 140.

டாக்டர்கிட்ட போகும்போது 14 நாள் ரிப்போர்ட்டைக் காட்டி, முதல்ல ராத்திரி பகுதியைப் பாருங்கன்னு கேளுங்க. எப்போ சாப்பிட்டீங்க, எப்போ ஊசி போட்டீங்கன்னு ஆப்லயே குறிச்சு வச்சா அவருக்கு வேலை சுலபம். விட்டமின் சி அதிக டோஸ்ல எடுக்கறீங்கன்னா அதையும் சொல்லிடுங்க, சில சென்சார்ல அது நம்பரை ஏத்திக் காட்டும். 54க்குக் கீழ போன நேரம் ரிப்போர்ட்ல இருந்தா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போன் பண்ணி டோஸ் பத்தி கேட்டுடுங்க.