மலக்குடல் புற்று: மாத்திரையும் கரண்டும் ஒரே நாளில்

அவையோருக்கு வணக்கம். குடல் புற்று என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பெருங்குடலில் வந்தால் பெரும்பாலும் அறுவை, தேவைப்பட்டால் பிறகு கீமோ. கதிர்வீச்சுக்கு, நம் ஊர்ப் பேச்சில் 'கரண்டு வைப்பதற்கு', அங்கே பெரிதாக வேலையில்லை. கடைசி 15 சென்டிமீட்டரான மலக்குடலில் கணக்கு மாறுகிறது. அது இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடுங்கிக் கிடக்கிறது. கத்திக்குத் தாராளமாக இடமில்லை. ஓரத்தில் துளி மிஞ்சினாலும் அங்கேயே மறுபடி முளைக்கும்.

அதனால், கட்டி சுவரைத் தாண்டியிருந்தால் அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தருவதுண்டு. முன்பா பின்பா என்பதை ஜெர்மனியில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது: 5 ஆண்டில் அதே இடத்தில் நோய் திரும்பியது முன்பே பெற்றவர்களில் 6 சதவீதம், பின்பு பெற்றவர்களில் 13. ஆயுள் கூடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமான முறையில் ஒரு தடவைக்கு 1.8 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), திங்கள் முதல் வெள்ளி வரை, 25 முதல் 28 தடவை. கதிர் வைக்கும் நாட்களில் மட்டும் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 825 மில்லிகிராம், காலையும் மாலையும். 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு ஒரு வேளைக்கு 1,320 வரும். 500 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு, 150-இல் இரண்டு என, கிட்டத்தட்ட அதே அளவாக 1,300 தருவோம். சாப்பிட்ட அரை மணிக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இங்கே மாத்திரையின் முக்கிய வேலை, கதிரால் உடைந்த மரபிழையை (டிஎன்ஏ) புற்றுச்செல் ஒட்டுப்போட விடாமல் தடுப்பது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக விழுங்காதீர்கள்.

கதிர் வைக்க மேசையில் படுக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்கட்டும். அது சிறுகுடலை மேலே தள்ளி, கதிருக்கு விலக்கி வைக்கும். காலியாகப் போனால் சிறுகுடல் கீழே இறங்கும், பேதிதான். ஒரு நாளில் வழக்கத்தைவிட 4 முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, உள்ளங்கை சிவந்து எரிந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் முதல் நாளே தெரிவிக்க வேண்டும். ரத்தக் கசிவு வரலாம்.

முடிந்ததும் 6 முதல் 8 வாரம் காத்திருப்பு. கதிர் நின்ற பிறகும் கட்டி சுருங்கும். சிலருக்கு முற்றிலும் மறைந்து, அறுவையே இல்லாமல் கண்காணிக்கிறார்கள். ஆனால் முதல் 2 ஆண்டு, 3–4 மாதத்துக்கொருமுறை விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும், அவ்வப்போது எம்ஆர்ஐயும் உண்டு. அப்படி வந்துபோக முடியாதவருக்கு அறுவையே மேல் என்பேன்.