ஒரே ஓட்டம், இரண்டு தீர்ப்பு

[திரையில்: கொரிய வரைபடம். யேச்சோன் என்ற ஊர் மட்டும் சிவப்புப் புள்ளியாக.]

வணக்கம். 1950 ஜூலை 20. கொரியப் போர் தொடங்கி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வட கொரியப் படை அமெரிக்கர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டே வருகிறது. அன்றைக்குத்தான் தேஜோன் நகரம் கைவிட்டுப் போனது. அதே நாளில் வேறொரு பக்கம், அமெரிக்க ராணுவத்தின் 24ஆவது காலாட்படை ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவு யேச்சோனை மீட்க உள்ளே நுழைந்தது. அமெரிக்கத் தரப்பின் முதல் வெற்றி என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த ரெஜிமென்ட்டின் சிப்பாய்கள் கறுப்பினத்தவர். மேலதிகாரிகள் வெள்ளையர்.

1961இல் அமெரிக்க ராணுவத்தின் அதிகாரப்பூர்வ வரலாறு வெளிவந்தது. அதில் யேச்சோன் வெற்றியே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அந்த ஊரில் எதிரிகள் பெரிதாக இருந்தார்களா என்றே கேட்டது அந்த நூல். படித்து முடிப்பவர் மனதில் நிற்பது 'பயந்து ஓடிய ரெஜிமென்ட்' என்ற பெயர்தான்.

ஓடினார்களா? சில இடங்களில் ஓடினார்கள். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே வாரங்களில் வெள்ளையர் படைப்பிரிவுகளும் ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடின. அவர்களுக்கு மட்டும் காரணம் தேடினார்கள்: ஜப்பானில் காவல் பணியில் இருந்தவர்கள், பயிற்சி போதவில்லை, ஆயுதங்கள் பழசு. 24ஆவது ரெஜிமென்ட்டும் அதே ஜப்பானிலிருந்து, கிஃபு முகாமிலிருந்துதான் வந்தது.

[திரையில்: 1918, பிரான்ஸ். முள்வேலிகள், பதுங்குகுழிகள்.]

கறுப்பினப் படையை மட்டும் இப்படிப் பழிக்கும் பழக்கம் கொரியாவில் தொடங்கியதல்ல. முதல் உலகப் போருக்குப் போவோம். 1918 செப்டம்பர், பிரான்ஸில் ஜெர்மானியருக்கு எதிரான மியூஸ்-ஆர்கோன் தாக்குதல். பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த பெரும்படைதான் டிவிஷன். 92ஆவது டிவிஷனின் 368ஆவது ரெஜிமென்ட், கறுப்பின வீரர்களின் படை, முன்னேறச் சொல்லி அனுப்பப்பட்டது. எதிரே அடர்ந்த முள்வேலி. அதை வெட்டக் கனமான கம்பிவெட்டிகள்கூடக் கொடுக்கப்படவில்லை. பீரங்கித் துணையும் சரியாக இல்லை. பல பிரிவுகள் குலைந்து பின்வாங்கின. கறுப்பின அதிகாரிகள் ஐந்து பேர் கோழைத்தனத்துக்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். நான்கு பேருக்கு மரண தண்டனை. பிறகு நடந்த விசாரணையில் அது ரத்தானது.

அதே தாக்குதலில் 35ஆவது டிவிஷனும் சில நாட்களில் சிதறிப்போனது. மிசௌரி, கான்சஸ் மாநில வெள்ளையர்கள். அவர்களுடைய தோல்விக்கு யாரும் தோலின் நிறத்தைக் காரணம் காட்டவில்லை. அந்த டிவிஷனின் பீரங்கிப் படையில் ஒரு கேப்டன் இருந்தார். பெயர் ஹாரி ட்ரூமன். பிற்காலத்தில் ஜனாதிபதியாகி, 1948இல் ராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டவர் அவர்தான்.

ஆனால் 368ஆவது ரெஜிமென்ட்டின் அந்த ஐந்து நாட்கள் ஒரு இனத்தின் மீதான தீர்ப்பாகிவிட்டன. 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவரின் மூளை எடை 35 அவுன்ஸ், வெள்ளையருடையது 45 அவுன்ஸ் என்று அதில் எழுதினார்கள்! இருட்டில் அவர்கள் கோழைகள் என்றும் எழுதினார்கள். ஆதாரமாக எடுத்துக்கொண்டது பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளின் வாக்குமூலங்களை. தோல்விக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டிய அதிகாரிகள் சிப்பாய்களின் மேல் பழி போட்டார்கள்; அந்தப் பழி அறிக்கையானது; அந்த அறிக்கையைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் அடுத்த போர்களுக்குத் தளபதிகளாக வந்தது.

[திரையில்: நீதிமன்ற மேசை. தட்டச்சு செய்த பக்கங்கள்.]

கொரியாவில் அது எப்படி முடிந்தது தெரியுமா? ட்ரூமனின் ஆணை வந்து இரண்டு வருடம் ஆகியும் 24ஆவது ரெஜிமென்ட் கறுப்பினத்தவருக்கான தனிப்படையாகத்தான் போருக்குப் போனது. 1951 தொடக்கத்தில் தர்குட் மார்ஷல் என்ற வழக்கறிஞர் டோக்கியோவுக்கும் கொரியாவுக்கும் நேரில் போனார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். எதிரி முன்னால் தவறாக நடந்ததாக, அதாவது கோழைத்தனம் காட்டியதாகத் தண்டிக்கப்பட்டவர்களை அவர் எண்ணிப் பார்த்தார்: கறுப்பினத்தவர் 32 பேர், வெள்ளையர் 2 பேர். ஆயுள் தண்டனை கொடுத்த ஒரு விசாரணை 42 நிமிடத்தில் முடிந்திருந்தது.

மார்ஷல் இதையெல்லாம் அப்போதே சொல்லிவிட்டார். பத்து வருடம் கழித்து வந்த அதிகாரப்பூர்வ வரலாறோ பழைய பழியைத்தான் சுமந்து வந்தது. முன்னாள் வீரர்கள் விடாமல் போராடினார்கள். கடைசியில் ராணுவமே மறுபடியும் ஆராய்ந்து 1996இல் ஒரு புது நூலை வெளியிட்டது. இந்த முறை சிப்பாய்களையும் தேடிப் போய்க் கேட்டார்கள். மோசமான தலைமை, அரைகுறைப் பயிற்சி, கறுப்பினத்தவரைத் தனிப்படையாகப் பிரித்து வைத்ததால் வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே அற்றுப்போன நம்பிக்கை, இவைதான் காரணம் என்றது அந்த நூல். களத்தில் நடந்த தவறுகளையும் அது விடவில்லை. அதனால் முன்னாள் வீரர்கள் சிலருக்கு அதிலும் திருப்தி இல்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

[திரையில்: மலைச்சரிவு, இரவு. ஓர் இயந்திரத் துப்பாக்கி.]

1950 ஆகஸ்ட் 6, தென் கொரியாவின் ஹாமன் ஊர் அருகே. வில்லியம் தாம்ப்சன், வயது 22, 24ஆவது ரெஜிமென்ட்டின் சிப்பாய். தன் பிளாட்டூன், அதாவது தன் சிறு படைக்குழு, தப்பிப் பின்வாங்குவதற்காக இயந்திரத் துப்பாக்கியுடன் நின்றார். உடம்பெல்லாம் காயம். வந்துவிடு என்று கூப்பிட்டும் நகரவில்லை. அங்கேயே இறந்தார். அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கம் மறுவருடம் அவர் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது.

இந்த ரெஜிமென்ட்டை நம்ப முடியாது, கலைத்துவிடுங்கள் என்று அதன் டிவிஷன் தளபதி மேலிடத்துக்கு எழுதியது 1950 செப்டம்பரில். தாம்ப்சன் இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.