பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை
(கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலையத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோரே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

சாவைப் பற்றி வன்னிக்கு வந்து பேச ஒருவருக்குத் துணிவு வேண்டும். 2009இல் நாங்கள் பார்த்ததற்குள் நான் போகவில்லை. வீட்டுக் கட்டிலில், நோயில், மெல்ல மெல்ல வரும் சாவைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. பஸ்ஸில் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். திரும்பும்போது ஆனையிறவு வருவதற்குள் என் மடியில் சாய்ந்துவிடுவார். வைத்தியர் நோவைத் தணிக்கும் மோர்பின் மருந்தை எழுதித் தந்தார். வீட்டில் அதைக் கொடுக்க விடவில்லை. "இது முற்பிறப்புக் கன்மம், அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்" என்றார் உறவில் மூத்த ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

கன்மம் உண்டு என்று நானும் நம்புகிறவன். என் வலியை அதன் பேரில் நான் தாங்கிக்கொள்ளலாம். இன்னொருவரைத் தாங்கு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வீட்டில் நடந்த அதே தவறு சட்டத்திலும் நடக்கிறது.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரர் காலத்தில், 1883இல் வந்தது. தன்னுயிரைப் போக்க முயன்றவரை அது குற்றவாளி என்றது. உயிர் கடவுளுடையது, மனிதன் அதில் கை வைக்கக் கூடாது என்ற எண்ணம் இங்கிலாந்துச் சட்டத்தில் ஊறிப்போய், கப்பலேறி இங்கே வந்தது. இங்கிலாந்தே அதை 1961இல் நீக்கிவிட்டது. நாங்கள் நீக்கியது 1998இல். மனம் உடைந்து அந்த முடிவுக்குப் போய்த் தப்பி வந்த பிள்ளையின் கட்டிலருகே ஆறுதல் நிற்க வேண்டிய இடத்தில், நூறு வருடத்துக்கு மேலாகச் சட்டம் வழக்கோடு நின்றது. அதை நீக்கியதால் எந்தச் சமயம் குறைந்துபோனது? மடுவில் ஓகஸ்ட் திருவிழாவுக்குச் சனம் கூடுகிறது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் நடக்கிறது. ஆனால் ஒருவர் உயிரை முடித்துக்கொள்ள மற்றவர் உதவுவது இன்றைக்கும் இங்கே குற்றம்தான்.

எங்கள் பிள்ளைகள் போயிருக்கும் நாடுகளில் கதை வேறு. கனடா 2016இல் மருத்துவ உதவியுடன் இறக்கச் சட்டம் இயற்றியது. பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்ட நோயாளிகளுக்கு அதே உதவியைத் தரும் சட்டமூலத்தை, 2025 ஜூன் 20 அன்று பொதுச்சபை 314க்கு 291 என்ற வாக்கில் நிறைவேற்றி மேல்சபைக்கு அனுப்பியது. அந்த மேல்சபையில் இங்கிலாந்துத் திருச்சபை ஆயர்கள் 26 பேருக்கு இருக்கை உண்டு. ஆயர் தாராளமாகப் பேசட்டும். ஆனால் "என் வேதம் இப்படிச் சொல்கிறது" என்பதோடு அவர் நிறுத்தினால், அந்த வேதத்தை நம்பாத நோயாளிக்கு அது எப்படி ஒரு காரணமாகும்?

எங்கள் நாட்டை எடுங்கள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. மரணத்தைப் புகழ்ந்து பேசி ஒருவரைச் சாகத் தூண்டிய பிக்குவுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது பௌத்த விநய விதி. பிக்குவுக்கு அது சரி. அதையே எல்லோருக்கும் சட்டமாக்கினால் நாங்கள் ஏற்போமா? எங்கள் பழந்தமிழ் மரபு கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை, அதாவது உண்ணாமல் இருந்து உயிர் விட்டதை, போற்றியது. சமணர் அதையே சல்லேகனை என்று நோற்கிறார்கள். 2015இல் இந்தியாவின் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலை என்றது. அதே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஒருவருக்குப் பாவமாக இருப்பது இன்னொருவருக்கு நோன்பு. இதில் ஒன்றை அரசு தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கையில் குறைந்தவர் கதி என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியென்றால் இங்கேயும் நாளைக்கே சட்டம் கொண்டுவரச் சொல்கிறேனா? இல்லை. எனக்குப் பயம் இருக்கிறது. கனடா 2021இல் மரணத்தை நெருங்காதவர்களுக்கும் அந்த வழியைத் திறந்தபோது, மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் கடவுளை இழுக்கவில்லை. வாழ உதவி கிடைக்காத இடத்தில் சாக உதவி சுலபமாகக் கிடைத்தால் அது தெரிவாகுமா என்று கேட்டார்கள். ஷெல் துண்டால் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். "அம்மாவுக்கு நான் பாரம்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைச் சட்டம் விருப்பம் என்று பதிந்துகொண்டால்? சைவரும் முஸ்லிமும் சாமியே இல்லை என்பவரும் ஒன்றாக உட்கார்ந்து நிறுத்துப் பார்க்கக்கூடிய காரணம் இது. சட்டத்துக்கு இப்படிப்பட்ட காரணங்கள்தான் வேண்டும்.

சமயத்தை நான் வெளியே தள்ளவில்லை. லண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய, நோவைத் தணித்துப் பராமரிக்கும் இல்லம் அவருடைய கிறிஸ்தவ விசுவாசத்தில் பிறந்ததுதான். பெரியம்மாவின் கதையிலும் மிச்சம் இருக்கிறது. அயலில் இருந்த பாதர் ஒருநாள் பார்க்க வந்தார். நோவைத் தணிக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும்கூட, தணிப்பதற்காகக் கொடுப்பது பாவமில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே சொல்லியிருப்பதை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அப்புறம் கட்டிலோரம் குந்தி, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நோ குறைஞ்சாக் காணும், பாதர்."

அன்றிரவு மருந்தைக் கொடுத்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு பெரியம்மா விடியும்வரை நித்திரை கொண்டார்.