கட்டிலில் தொங்கிய மூன்று எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் முப்பது வருஷம் வார்டு நர்ஸாக இருந்தவள் நான். தாராவி, மாட்டுங்கா பக்கமிருந்து வரும் நம்மவர்கள் ஃபைலை நீட்டி, "சிஸ்டர், இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள்.

ஒரு அம்மாவை மறக்கவே முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கம். மகனுக்கு மறுநாள் ஹெர்னியா ஆபரேஷன். கட்டிலில் 'என்.பி.எம்.' என்று ஓர் அட்டை தொங்கியது. பிள்ளை ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்ததைப் பொறுக்காமல், விடிந்ததும் ஃபிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர் பால் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை.

'வாய்வழியாக எதுவும் கூடாது' என்பதுதான் அந்த மூன்று எழுத்து. மயக்க நிலையில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் விழுந்த காபி சாப்பாட்டுக் கணக்கில் வரும். பொதுவாக 6 மணி நேர இடைவெளி வேண்டும். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். மராத்தியில் 'உபாஷி', அதாவது வெறும் வயிறு என்று சொல்லியிருந்தார்கள். தமிழில் யாரும் சொல்லவில்லை.

மருந்துச் சீட்டில் வருபவை பெரும்பாலும் லத்தீன் சுருக்கங்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். படுக்கப் போகும்போது. கண் டாக்டர் எழுதும் ஓ.டி. மட்டும் வலது கண். எஸ்.ஓ.எஸ். என்றிருந்தால் பதற வேண்டாம், தேவைப்பட்டால் மட்டும் போடச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்று அவசியம் கேளுங்கள்.

அப்புறம் இன்சுலின். யூனிட்டுக்கு 'யூ' என்று ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால், கையெழுத்தில் அது சுழியம் மாதிரி தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால்தான் முழுதாக எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். சிரிஞ்சையும் பாருங்கள்: சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மருந்தின் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் கேபிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி கொண்டுவந்தது. ஆகவே புரியவில்லை என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்று ஒவ்வொரு மாத்திரைக்கும் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாள் என்று கேட்டு, அட்டைப்பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் அதைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

நன்றி, வணக்கம்.