நள்ளிரவில் ஒளிரும் முகில்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நின்று எவ்வளவுதான் அண்ணாந்து பார்த்தாலும் தெரியாத ஒரு முகிலைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன். தெரியாததைப் பற்றி ஏன் இங்கே பேசவேண்டும்? எங்கள் பிள்ளைகளும் சகோதரங்களும் நிறையப் பேர் அந்த முகிலுக்குக் கீழேதான் குடியிருக்கிறார்கள்: நோர்வேயில், டென்மார்க்கில், ஜேர்மனியில், லண்டனில். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் இரவில் வானத்தைப் பார்ப்பது குறைவு. இப்படி ஒரு காட்சி தலைக்கு மேலே இருந்தும் பார்க்காமல் போகிறார்களே என்பதுதான் எனக்குக் கவலை.

இதை இரவொளிர் முகில் என்கிறோம். எங்களுக்கு மழை தரும் முகில்கள் பதினைந்து, பதினாறு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இதுவோ 80 கிலோமீற்றருக்கும் மேலே நிற்கிறது. நிலத்தில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் விழுந்துகொண்டிருக்கும். அதனால்தான் நடுச்சாமத்திலும் அது வெள்ளியும் இளநீலமுமாக, நெருக்கமான மெல்லிய வரிகளாக ஒளிர்கிறது.

அது முழுக்க நுண்ணிய பனிக்கட்டித் துகள்கள். எரிந்துபோன விண்கற்களின் தூசியில் நீராவி உறைந்து உண்டாகிறது. ஆச்சரியம் என்னவென்றால், வடதுருவப் பக்கத்தில் அந்த உயரத்துக் காற்று மிகக் கடுமையாகக் குளிர்வது கோடையில்தான். சைக்கிள் ரியூப்பில் இருந்து காற்றைத் திறந்துவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அழுத்தம் குறைந்து விரிகிற காற்று குளிரும். கோடையில் துருவப் பகுதியின் மேல்வளிமண்டலக் காற்று மேலெழுந்து விரிகிறது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 120 பாகையையும் தாண்டி இறங்கிவிடுகிறது. எங்கள் தலைக்கு மேலே அந்தக் குளிர் இல்லை. யாழ்ப்பாணம் பத்துப் பாகை அகலக்கோட்டை ஒட்டி இருக்கிறது. இந்த முகிலுக்கு ஏற்ற இடம் 50 முதல் 65 பாகை வரை.

1883 ஓகஸ்டில் இந்தோனேசியாவில் கிரக்கடோவா எரிமலை வெடித்த பிறகு, உலகெங்கும் அந்தி வானம் செக்கச்செவேலென்று சிவந்தது. சனங்கள் அந்தி வானத்தைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1885இல் ஐரோப்பாவில் இந்த முகில் கண்ணில் பட்டது. ஜேர்மனியரான ஒட்டோ ஜெஸ்ஸே 1887இல் அதைப் படம்பிடித்தார். பிறகு வெவ்வேறு ஊர்களில் ஒரே நேரத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, உயரம் 82 கிலோமீற்றர் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது. அந்தக் காலத்துக் கமராவை வைத்துக்கொண்டு இதைச் செய்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நெல்வயலில் இருந்தும் மாடுகளில் இருந்தும் வெளியாகும் மீதேன் வாயு உலகம் முழுவதும் பரவி, மெல்ல மேலேறி, சூரிய ஒளியில் சிதைந்து நீராவியாகிறது. இந்த முகில் முன்பைவிட அதிகமாகத் தெரிவதற்கு அந்த நீராவியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லவேண்டும்? மே கடைசியில் இருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை காலம். ஜூன் கடைசியும் ஜூலையும் நல்ல வாய்ப்பு. சூரியன் மறைந்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்து வடக்கே, அடிவானத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விடிவதற்கு முன் பார்ப்பதென்றால் வடகிழக்கு. அந்த நேரம் சாதாரண முகில் கறுப்பாகத் தெரியும். இது மட்டும் பளிச்சென்று இருக்கும். போனை மதிலில் அசையாமல் வைத்து, கமரா சில வினாடி திறந்திருக்கும்படி எடுத்தால் படமும் நன்றாக வரும்.

ஒஸ்லோவில் ஜூன் நடுச்சாமத்தில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு ஏழு பாகை அளவுதான் கீழே போகும். ஆகவே அங்கே நள்ளிரவிலும் பார்க்கலாம். அப்போது இங்கே விடியப்புறம் மூன்றரை மணி. அந்த நேரத்தில் எழும்புகிற அம்மாமார் வீடியோ அழைப்பு எடுத்து, வடக்குப் பக்க யன்னலைத் திறந்து காட்டச் சொல்லலாம். கனடாவில் ரொறன்ரோ கொஞ்சம் தெற்கே இருப்பதால் அங்கே அரிதாகத்தான் தெரியும். இன்னும் வடக்கே, எட்மன்டனில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.