ஒரு நாடே ஒரு வருடம் வரியில்லாமல் சம்பாதித்த கதை!

வருமானத்துக்கு வரியே இல்லாத வருடம். எனக்கோ உங்களுக்கோ இல்லை, ஒரு நாடு முழுக்க! ஐஸ்லாந்தில் 1987இல் நிஜமாகவே நடந்தது. சரி, மக்கள் ஜாலியாக வீட்டில் உட்கார்ந்தார்களா? வழக்கத்தைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள்.

பின்னணியைச் சட்டென்று முடிக்கிறேன், ஓட்டிவிடாதீர்கள். அங்கே அதுவரை போன வருடச் சம்பாத்தியத்துக்கு இந்த வருடம் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். 1988 முதல் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்தம் என்று மாற்றினார்கள். அப்படியென்றால் 1988இல் இரண்டு வருட வரி சேர்ந்து விழுமே? அதனால் 1987 வருமானத்தை அரசு அப்படியே விட்டுவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1987இலும் அவர்கள் வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், 1986 சம்பளத்துக்கு! அதாவது வழக்கமான வேலையை மட்டும் பார்த்தவர் கையில் திடீர்ப் பணம் எதுவும் வந்து விழவில்லை. ஆனால் அந்த டிசம்பரில் பார்க்கும் ஓவர்டைம் முழுசாக உங்களுக்கு. அதையே ஒரு மாதம் தள்ளி ஜனவரியில் பார்த்தால் வரி போய்விடும். நீங்களாக இருந்தால் எப்போது லீவு போடுவீர்கள்?

நிரந்தரமாகச் சம்பளம் ஏறினால் கதை வேறு. சிலர் இன்னும் உழைப்போம், சிலர் ‘போதும்டா சாமி’ என்று சனிக்கிழமை தூங்குவோம். ஒரே வருடம்தான் என்றால் ஓய்வை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கத் தோன்றும். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு வாயில் நுழையாத பெயர் உண்டு. நமக்கு ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ போதும்.

இதற்கு நேர்மாறாக, நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்கள் நல்ல வசூல் நாளில் சீக்கிரமே வண்டியை விட்டுவிடுகிறார்கள் என்று 1997இல் ஓர் ஆய்வு வந்தது. எது சரி என்ற சண்டை இன்னொரு வீடியோவுக்கு.

அப்புறம் சுவிட்சர்லாந்தின் சூரிச். சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் கூரியர்காரர்கள், கமிஷன்தான் கூலி. 100 ஃபிராங்க் வசூலித்தால் ஆண்களுக்கு 39. எர்ன்ஸ்ட் ஃபேர், லோரென்ஸ் கோட்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நான்கு வாரத்துக்கு மட்டும் அதை 49 ஆக்கிப் பார்த்தார்கள். ஷிஃப்டுகள் சுமார் 30 சதவீதம் கூடின. ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வசூல் கொஞ்சம் குறைந்தது! நிறைய நாள் வந்தார்கள், நிதானமாக மிதித்தார்கள். ஆட்களை எனக்குப் பிடித்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வருடம் வரி இல்லையென்றால் ஓவர்டைமா, ஊட்டியா? கமெண்டில் சொல்லுங்கள். நான் ஓவர்டைம்தான். இந்தச் சேனல் வருமானத்துக்கு வரியே வராது என்பது வேறு விஷயம்.