தண்ணீருக்கு ஒரு சாண் மேலே

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலுக்குப் போய்வந்தோம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் கரைக்குப் போய்வந்ததைத்தான் சொல்கிறோம். கணுக்கால் நனைய நிற்கிறோம், சுண்டல் வாங்குகிறோம், மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்புகிறோம். மதுரைக்காரனான எனக்கும் கடல் அப்படித்தான் இருந்தது. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், அக்னி தீர்த்தத்தில் மூன்று முழுக்கு, மதியச் சாப்பாடு, பஸ். நாற்பத்து மூன்றாவது வயதில் நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னைக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்கார வைத்தார். நாலைந்து முறை துடுப்பு வலித்திருப்பேன். கரையின் இரைச்சல் பின்னால் போய்விட்டது. கையைத் தொங்கவிட்டேன், விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. அடியில் கடற்புல், வயலில் காற்றடிக்கும்போது நெற்பயிர் சாய்வதுபோல, ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளாக மாதம் இரண்டு முறையாவது கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கயாக் ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் படகு. மரம் வளராத அந்த நாட்டில், கரை ஒதுங்கிய கட்டைகளையும் எலும்பையும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலை இழுத்துத் தைத்தார்கள். படகு செய்ய அளவுகோல் சொந்த உடம்புதான். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்தால் படகின் அகலம். உறையும் தண்ணீர் என்பதால் இடுப்புவரை உள்ளே புதைந்து, மேலே தோலால் மூடிக்கொண்டு ஓட்டினார்கள்.

நம் கரையில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு வகை. வார்த்தெடுத்த பிளாஸ்டிக் கூட்டின் மேலே உட்கார்ந்து ஓட்டுவது. உட்காரும் பள்ளத்தில் மேலிருந்து அடிவரை சில துளைகள் இருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் ஓட்டைப் படகென்று பயப்படுவார்கள். கூட்டுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் மேலே எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அது மிதக்கும். ஏறிய தண்ணீர் துளைகள் வழியே தானாக வடியும். கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஏறும், வடியும். அதன்மேல் முழங்காலிட்டுத் துடுப்பு போட்டுக்கொண்டு நம் மீனவர்கள் அலையைக் கடந்து போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் பல கரைகளில் அருகிவிட்டது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து கடலை அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் அறிந்ததில் கால்வாசியாவது தெரிந்துகொண்டால்தான் கயாக் ஓட்டுவதில் சுகமும் உண்டு, பத்திரமும் உண்டு என்பது என் எண்ணம்.

அவர்கள் அறிந்ததில் முதலாவது காற்று. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. கோடையில் தொடங்கி செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை இறங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். எந்த ஊரில் கயாக் ஓட்டலாம் என்று கேட்கிறவர்களிடம், எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

குளம்போலக் கிடக்கும் கடல் எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் ராமேஸ்வரம் தீவின் ஓலைக்குடாக் கரையில் கற்றுக்கொண்டேன். ஜூன் மாதம், காலை பத்து மணி. வடக்கே பார்த்த கரை. அலையே இல்லை. நானும் நண்பரும் தனித்தனிக் கயாக்கில் இறங்கினோம். துடுப்பைத் தொட்டாலே போதும், படகு பறந்தது. இருபது நிமிடத்தில் கரையின் தென்னைகள் சீப்பின் பற்கள்போல ஆகிவிட்டன. திரும்பலாம் என்று முனையைத் திருப்பினேன். அதுவரை முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று முகத்தில் அறைந்தது. கரையை ஒட்டி நிலம் மறைத்ததால் தெரியாமல் இருந்த சிற்றலைகள், வெளியே வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. பத்து முறை வலித்து மூச்சு வாங்க நின்றால், போன தூரத்தைக் காற்று பறித்துக்கொண்டது. பக்கவாட்டில் ஒரு அலை தட்டி நான் கவிழ்ந்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், அதனால்தான் இன்று பேசுகிறேன். ஆனால் மேலே ஏறத் தெரியவில்லை. நான்கு முறை முயன்று நான்கு முறையும் வழுக்கினேன். நண்பர் தன் கயாக்கை என் கயாக்கோடு ஒட்டவைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக ஏறினேன். வந்துசேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, அலையைப் பார்த்துக் கடலில் இறங்கக் கூடாது. காற்று முதுகில் படுகிறதா, முகத்தில் படுகிறதா என்று பார்த்து இறங்க வேண்டும்” என்றார். போகும்போது முகத்தில் பட்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று கரைக்குத் தள்ளிவிடும். முதுகில் பட்டால் கரையை விட்டு விலகவே கூடாது. நிதானமாகக் கயாக் ஓட்டுகிறவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போவார். நல்ல எதிர்காற்றில் அது பாதியாகிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். கள்ளக்கடல் என்பது அதுதான். தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. கண்ணால் பார்த்து இதை முன்கூட்டி அறிய முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் அலையின் உயரம், காற்றின் வேகம், கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாவற்றையும் வெளியிடுகிறது. முந்தின இரவு அதைப் பாருங்கள்; காலையில் கரையில் இருக்கும் மீனவரிடமும் கேளுங்கள். இரண்டில் ஒன்று வேண்டாம் என்றாலும் அன்றைக்கு வேண்டாம். பொதுவாக, விடிந்த முதல் மூன்று மணி நேரம் நல்லது.

ஓலைக்குடாவுக்குப் பிறகு நான் முதலில் செய்தது, இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து கவிழ்ந்து ஏறிப் பழகியதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் ஆழத்துக்குப் போகக் கூடாது. நாம் செய்யும் தவறு, சுவரில் ஏறுவதுபோல நிமிர்ந்து தொங்கி ஏறப் பார்ப்பது. கால் அடிக்கட்டைக்குக் கீழே போய்விடும், படகு நம் மேலேயே கவிழும். முதலில் கயாக்கை நிமிர்த்துங்கள். நடுப்பகுதியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, உடம்பைத் தண்ணீரின் மேல் படுக்க விடுங்கள். நீந்துவதுபோலக் கால்களை வேகமாக உதைத்தால் உடம்பு மீன்போல மேலே வழுக்கி ஏறும். தொப்புள் படகின் நடுவில் வரும்வரை குப்புறவே இருங்கள். பிறகு புரண்டு, இடுப்பை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்கள். இத்தனைக்கும் நடுவே படகையும் விடக் கூடாது, துடுப்பையும் விடக் கூடாது. ஆளில்லாத படகைக் காற்று வேகமாக இழுத்துப்போய்விடும், துடுப்பு பின்தங்கிவிடும்.

துடுப்பு வலிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அலகு உள்ள இந்தத் துடுப்பு ஏழடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். புதியவர்கள் கையால் இழுப்பார்கள். அரை மணி நேரத்தில் முழங்கை வலித்துவிடும். மோர் கடைகிறவரின் உடம்பைக் கவனியுங்கள். கை கயிற்றைப் பிடித்திருக்கிறது, வேலை செய்வது தோளும் முதுகும். இங்கும் அப்படித்தான். பாதத்தை மிதியில் ஊன்றி, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி, பாதத்தின் பக்கத்தில் அலகை முழுதாக நீரில் இறக்கி, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிடி தளர்வாகவே இருக்கட்டும். இந்தச் சின்ன அசைவை வைத்துக்கொண்டு ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-இல் டான்யூப் நதிக்கரை நகரமான ஊல்மிலிருந்து மடக்குக் கயாக் ஒன்றில் கிளம்பினார். இந்தியக் கரையையும் இலங்கையையும் கடந்து, ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் பயணம் செய்து, 1939-இல் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் இறங்கினார். அதற்குள் உலகப்போர் தொடங்கிவிட்டதால் எதிரி நாட்டவர் என்று அவரை அங்கேயே கைது செய்தார்கள். நம் கரையோரம் அவர் போனதை நினைத்துக்கொண்டு நான் பல நாள் துடுப்பு வலித்திருக்கிறேன்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. உடம்போடு இறுக்கிய லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், முழுக்கைச் சட்டை, நாடா வைத்த தொப்பி, இரண்டு லிட்டர் குடிநீர், நீர் புகாத உறையில் போன். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், தமிழ்நாடு கடலோரக் காவலை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆழமில்லாத மணலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி அடங்கும். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. கிழக்கே சர்வதேச எல்லை இருக்கிறது. மீனவர் வலையை விரித்திருந்தால், மிதவைகளைச் சுற்றி எவ்வளவு தூரமானாலும் ஒதுங்கிப் போங்கள். நமக்கு அது பொழுதுபோக்கு, அவருக்கு அன்றைய சோறு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் தொண்டிக்குத் தெற்கே இருக்கும் காரங்காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே கயாக் விடுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடை. இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்கள். துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், முரல் மீன் வாலால் தண்ணீரைக் கீறிக்கொண்டு தாவும் சத்தம் கேட்கும். எஞ்சின் படகில் போகிறவர்களுக்கு இந்தச் சத்தம் கிடைப்பதில்லை. அங்கிருந்து வெளியே வந்தால் கடற்புல் வெளி. 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் ஒரு கடற்பசுவைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் தெளிந்த தண்ணீரில், புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வெறும் மணல் பாதை ஒன்று வளைந்து போவதைப் பார்த்தேன். கடற்பசு மேய்ந்துபோன தடம். அதன் மேலேயே, துடுப்பு நுனி கலக்கிவிடாதபடி, பாதை முடியும்வரை போனேன்.

ஓலைக்குடாவுக்கு இன்னும் போகிறேன். வலை பிரிக்கும் அந்தப் பெரியவரிடம் கேட்காமல் இறங்குவதில்லை. சென்ற வாரம் கயாக்கைக் காரின் மேலிருந்து இறக்கி மணலில் வைத்துவிட்டு அவர் பக்கம் போனேன். கடல் பளிங்குபோல இருந்தது. அவர் எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுப் பிடித்தார். துண்டின் நுனி வடக்கே போனது. “இன்றைக்கு வேண்டாம், தம்பி” என்றார். அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன், கயாக்கைத் திரும்பக் காரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். மறுபடி சனிக்கிழமை போகிறேன்.

வணக்கம்.